7,663 யென் வழக்கு: ஜப்பானிய அரசும் ஷிந்தோவும்

1965ஆம் ஆண்டு ஜனவரி 14 அன்று, ஜப்பானின் மியே மாநிலத் தலைநகரான ட்சுவில் நகராட்சி உடற்பயிற்சிக் கூடம் ஒன்றுக்கான கட்டட வேலை தொடங்கியது. மண்ணைத் தோண்டுமுன் நிலத்தின் தெய்வத்தைச் சாந்தப்படுத்தும் 'ஜிச்சின்சாய்' என்ற சடங்கை நான்கு ஷிந்தோ பூசாரிகள் வந்து நடத்திக் கொடுத்தார்கள். நம் ஊர் பூமி பூஜையை நினைத்துக்கொண்டால் காட்சி விளங்கிவிடும். பூசாரிகளுக்குத் தட்சிணையாக 4,000 யென், படையல் பொருள்களுக்கு 3,663 யென், ஆக 7,663 யென் நகராட்சிக் கணக்கிலிருந்து செலவானது. நகரமன்ற உறுப்பினர் ஒருவர், மக்கள் பணத்தை மதச் சடங்குக்குச் செலவிட்டது அரசியலமைப்புக்கு முரணானது என்று வழக்குத் தொடர்ந்தார். மாவட்ட நீதிமன்றம் அவருக்கு எதிராகவும், நகோயா உயர் நீதிமன்றம் அவருக்கு ஆதரவாகவும் தீர்ப்பளித்த பிறகு, பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1977 ஜூலை 13 அன்று உச்ச நீதிமன்றத்தின் பதினைந்து நீதிபதிகள் கொண்ட முழு அமர்வில்தான் அந்த வழக்கு முடிந்தது.

தொகை அற்பமானது, கேள்வி அப்படியல்ல. அந்தச் சடங்கு மதம் என்றால் அரசு அதைத் தொடக்கூடாது. ஊர் வழக்கம் என்றால் தாராளமாகச் செய்யலாம். ஷிந்தோ மதமா, மரபா என்ற இந்தக் கேள்வி தத்துவ வகுப்பறைக்கு உரியது போலத் தோன்றினாலும், ஜப்பானில் ஒன்றரை நூற்றாண்டாக அதற்கு விடை எழுதிவந்தது அரசாணைகளும் சட்டங்களும் தீர்ப்புகளுமே. விடை மாறிய ஒவ்வொரு முறையும் யாருக்கு என்ன லாபம் கிடைத்தது என்று பார்த்தால், இன்றைய ஜப்பானிய அரசியலின் பல புதிர்கள் அவிழ்கின்றன.

ஷிந்தோவுக்கு நிறுவனர் இல்லை. ஒரே வேதநூலும் இல்லை. மலை, மரம், நீர்வீழ்ச்சி, முன்னோர், வீரர் என எதிலும் உறையக்கூடிய 'கமி' என்னும் தெய்வங்களை அந்தந்த ஊர்க் கோயிலில் வழிபடும் முறை அது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் பௌத்தத்தோடு பின்னிப் பிணைந்தே வளர்ந்தது. ஒரே வளாகத்தில் கமியும் புத்தரும் இருந்தார்கள். 1868இல் மெய்ஜி ஆட்சி ஏற்பட்டதும் புதிய அரசு முதலில் செய்த வேலைகளுள் ஒன்று, கமியையும் புத்தரையும் ஆணையிட்டுப் பிரித்தது. அதைத் தொடர்ந்த வெறியில் பௌத்தச் சிலைகளும் சுவடிகளும் பல இடங்களில் எரிக்கப்பட்டன. 1871இல், கோயில்கள் அரசின் சடங்குகளுக்கு உரிய இடங்கள் என்று அறிவிக்கப்பட்டு, பரம்பரைப் பூசாரி உரிமை ஒழிக்கப்பட்டு, கோயில்களுக்குத் தரவரிசையும் வகுக்கப்பட்டது. தூய பழமை என்று இன்று பேசப்படும் ஷிந்தோவின் நிர்வாக வடிவம், உண்மையில் ரயில் பாதையும் தந்திக் கம்பியும் போட்ட அதே அரசாங்கத்தின் கைவேலை.

மேற்கத்திய நாடுகளோடு உடன்படிக்கை செய்துகொண்ட அந்த அரசுக்கு மதச் சுதந்திரம் தந்தாக வேண்டிய கட்டாயமும் இருந்தது. 'மதம்' என்ற பொதுக் கருத்தைக் குறிக்க இன்று ஜப்பானியர் வழங்கும் 'ஷூக்யோ' என்ற சொல்லே அந்தக் காலத்து மொழிபெயர்ப்புத் தேவையால் அந்தப் பொருளில் நிலைபெற்றதுதான். 1889 அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, அமைதிக்கும் ஒழுங்குக்கும் கேடு செய்யாமலும் குடிகளுக்குரிய கடமைகளுக்கு முரணாகாமலும் இருக்கும் வரை மதச் சுதந்திரம் உண்டு என்றது. அப்படியானால், சக்கரவர்த்தியின் மூதாதையான அமதெராசு சூரிய தேவியைக் குடிமக்கள் அனைவரும் வணங்க வேண்டும் என்று எப்படிக் கேட்பது? அதற்கு அதிகாரிகள் கண்ட வழி எளிமையானது: கோயில் ஷிந்தோ மதமே அல்ல என்று சொல்லிவிட்டார்கள். 1882இல் அரசுக் கோயில் பூசாரிகள் ஈமச்சடங்கு நடத்துவதும் போதனை செய்வதும் தடை செய்யப்பட்டன. போதனை செய்ய விரும்பிய குழுக்கள் தனி ஷிந்தோப் பிரிவுகளாக ஒதுக்கப்பட்டன. 1900இல் உள்துறை அமைச்சகத்தில் கோயில்களுக்கு ஓர் அலுவலகமும் மதங்களுக்கு வேறோர் அலுவலகமும் அமைந்தன.

மதம் அல்ல என்ற சொல் தாழ்வைக் குறிக்கவில்லை. மதமாக இருந்திருந்தால் மறுக்க உரிமை இருந்திருக்கும். குடிமகனின் கடமையானபோது மறுப்பதற்கு இடமே இல்லாமல் போனது. 1932இல் டோக்கியோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான சோஃபியாவின் மாணவர் சிலர், போரில் இறந்தவர்களைத் தெய்வமாக வைத்திருக்கும் யாசுகுனி கோயிலில் வணங்க மறுத்தபோது இராணுவம் பல்கலைக்கழகத்தை நெருக்கியது. வணக்கம் நாட்டுப்பற்றையும் விசுவாசத்தையும் காட்டுவதற்கானது என்று கல்வி அமைச்சகம் விளக்கம் தந்தது. 1936இல் வத்திக்கானும் அந்த விளக்கத்தை ஏற்றுக் கத்தோலிக்கருக்கு அனுமதி வழங்கியது. கொரியாவில் 1925இல் சியோல் நகரின் மலைச்சரிவில் எழுப்பப்பட்ட சோசென் கோயிலும் மற்றக் கோயில்களும் இன்னும் கடுமையான சோதனைகளாயின. வணங்க மறுத்த கிறித்தவப் பள்ளிகள் மூடப்பட்டன. ஜூ கி-சோல் என்ற போதகர் 1944இல் சிறையிலேயே இறந்தார். தமிழர்கள் பலர் வாழ்ந்த சிங்கப்பூரிலும், மெக்ரிச்சி நீர்த்தேக்கத்தின் அருகே போர்க்கைதிகளைக் கொண்டு ஷோனான் கோயில் கட்டப்பட்டது. 1945இல் சரணடைந்தபோது ஜப்பானியரே அதை அழித்துவிட்டார்கள்.

போரில் தோற்ற நாட்டை ஆண்ட நேச நாட்டுப் படைத் தலைமையகம் 1945 டிசம்பர் 15 அன்று வெளியிட்ட ஷிந்தோ உத்தரவு, அரசு கோயில்களுக்குத் தரும் பணத்தையும் ஆதரவையும் நிறுத்தியது. அதாவது, மதம் அல்ல என்று மெய்ஜி அதிகாரிகள் வகுத்ததை அமெரிக்க அதிகாரிகள் மீண்டும் மதமாக்கினார்கள். 1946 பிப்ரவரியில் கோயில்கள் கூடி 'ஜின்ஜா ஹோன்சோ' என்ற தனியார் தலைமை அமைப்பை உருவாக்கின. இன்று ஏறத்தாழ 80,000 கோயில்கள் அதில் உள்ளன. யாசுகுனி அதில் சேராமல் தனி மத நிறுவனமாக நின்றது. 1947 மே 3 அன்று நடைமுறைக்கு வந்த புதிய அரசியலமைப்பின் 20ஆம் பிரிவு, எந்த மத அமைப்பும் அரசிடம் சலுகை பெறவோ அரசியல் அதிகாரம் செலுத்தவோ கூடாது என்றும், அரசும் அதன் உறுப்புகளும் எந்த மதச் செயலிலும் ஈடுபடக் கூடாது என்றும் விதித்தது. மத நிறுவனங்களுக்குப் பொதுப்பணம் போகும் வழியை 89ஆம் பிரிவு அடைத்தது. படித்தால் சந்தேகத்துக்கே இடமில்லாத வாசகங்கள்.

ட்சு வழக்கில் உச்ச நீதிமன்றம் சந்தேகத்துக்கு இடம் கண்டது. அரசும் மதமும் முற்றாகப் பிரிந்திருப்பது நடைமுறையில் இயலாதது என்று தொடங்கி, ஒரு செயலின் நோக்கம் மதத் தன்மை கொண்டதாகவும், விளைவு ஒரு மதத்தை வளர்ப்பதாகவோ ஒடுக்குவதாகவோ இருந்தால்தான் அது தடை செய்யப்பட்ட மதச் செயலாகும் என்ற அளவுகோலை வகுத்தது. கட்டட வேலை விபத்தில்லாமல் நடக்க வேண்டும் என்பதே ஜிச்சின்சாயின் நோக்கம், சமூகத்தின் பொது வழக்கத்தை ஒட்டியே அது நடந்தது, ஆகவே குற்றமில்லை என்று பத்து நீதிபதிகள் தீர்த்தார்கள். ஜப்பானியர் பலர் சமூகத்தின் உறுப்பினராக ஷிந்தோவையும் தனிமனிதராகப் பௌத்தத்தையும் கைக்கொள்பவர்கள், மத விஷயத்தில் பெரிய அக்கறை இல்லாதவர்கள் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. இந்தக் கலப்பு உண்மையானதுதான். அரசின் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஷிந்தோவினரையும் பௌத்தரையும் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையைத் தாண்டுகிறது. ஆனால் பெரும்பான்மையின் அலட்சியத்தை அளவுகோலாக வைத்து, அலட்சியமாக இருக்க முடியாத சிறுபான்மையின் உரிமையை அளக்கலாமா? மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய ஐவரில் தலைமை நீதிபதி புஜிபயாஷி எகிஸோவும் இருந்தார், அவர் கிறித்தவர்.

இந்தத் தருக்கம் எங்கே கொண்டுவிடும் என்பது 1988இல் தெரிந்தது. தற்காப்புப் படையில் பணியாற்றிய ஒருவர் 1968இல் பணியின்போது சாலை விபத்தில் இறந்தார். அவர் மனைவி கிறித்தவர். கணவரின் அஸ்தியைத் தேவாலயத்தில் வைத்துத் தம் வழியில் நினைவு போற்றி வந்தார். சில ஆண்டுகள் கழித்து, முன்னாள் படையினர் சங்கம், படையின் வட்டார அலுவலகத்தின் உதவியோடு, அவரை யமகுச்சி மாநிலக் கோயிலில் தெய்வமாகச் சேர்க்க விண்ணப்பித்தது. மனைவி வேண்டாம் என்றார், சேர்த்துவிட்டார்கள். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் அவர் பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றமோ, விண்ணப்பித்தது சங்கம்தான், படை அலுவலகம் உதவியது மட்டுமே, அதன் செயல் மதச் செயல் ஆகாது என்றது. மேலும், அமைதியான மனநிலையில் தன் மதத்தைப் பின்பற்றும் நலன் சட்டம் காக்கும் நலன் அல்ல, பிறரின் மதச் செயலைச் சகித்துக்கொள்ளும் பெருந்தன்மையையே மதச் சுதந்திரம் கேட்கிறது என்றும் சொன்னது. அரசின் துணையோடு வந்த ஒரு சடங்கைச் சகித்துக்கொள்ளுமாறு, தனியொரு விதவைக்குச் சகிப்புத்தன்மை போதிக்கப்பட்டது. பதினைந்து பேரில் இதோ மசாமி ஒருவரே மறுத்து எழுதினார். என்னைக் கேட்டால், ஷிந்தோ குறித்த ஜப்பானியத் தீர்ப்புகளில் ஒன்றை மட்டுமே படிக்க நேரமுள்ளவர் படிக்க வேண்டியது இந்த ஒற்றை நீதிபதியின் மறுப்புரையைத்தான்.

பிறகு நீதிமன்றத்தின் போக்கு இறுகியது. எஹிமே மாநில ஆளுநர் 1981 முதல் 1986 வரை யாசுகுனிக்கும் உள்ளூர் வீரர் கோயிலுக்கும் காணிக்கையாக மொத்தம் 1,66,000 யென் மாநிலப் பணத்தைக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு முறையும் 5,000 முதல் 10,000 யென் வரையான சில்லறைத் தொகைகள்தான். ஆனால் அடித்தள பூஜையைப் போல இதைச் சமூக மரியாதை என்று எவரும் கருத மாட்டார்கள், கோயில் தானே நடத்தும் முக்கியத் திருவிழாவுக்குக் காணிக்கை தருவது குறிப்பிட்ட ஒரு மத அமைப்போடு அரசுக்குத் தனி உறவு உண்டு என்ற எண்ணத்தை உண்டாக்கும் என்று 1997 ஏப்ரல் 2 அன்று பதின்மூன்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2010இல் ஹொக்கைடோவின் சுனகவா நகரம், தனக்குச் சொந்தமான நிலத்தை சொராச்சிபுத்தோ கோயிலுக்கு இலவசமாக விட்டிருந்தது 89ஆம் பிரிவுக்கு முரண் என்றது நீதிமன்றம். அந்த வழக்கின் முடிவு நம்மூர்ப் பஞ்சாயத்துத் தீர்வு போல இருந்தது: கோயிலை இடித்தால் ஊர் மக்களின் வழிபாட்டு உரிமை கெடும் என்பதால், கோயில் இடம்பெற்றிருந்த ஊர்ப் பொதுக்கூடத்தின் மீதிருந்த பெயர்ப்பலகையை எடுத்து, தெய்வ மாடத்தை ஒதுக்கி வைத்து, அந்தத் துண்டு நிலத்துக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 35,000 யென் வாடகை வசூலிக்கும் ஏற்பாட்டை 2012இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2021இல் ஒகினாவாவின் நாஹா நகரப் பூங்காவில் இருந்த கன்பூசியஸ் கோயிலுக்கு நில வாடகையை முழுவதும் தள்ளுபடி செய்ததும் செல்லாது என்று 14க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. கன்பூசிய நெறி மதமா என்பதில் அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. அங்கே மட்டும் நீதிபதிகளுக்கு அவ்வளவு தயக்கம் இருக்கவில்லை.

இந்தப் பட்டியலில் ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரண் என்று சொன்ன இந்த மூன்றும் மாநிலத்தையோ நகராட்சியையோ பற்றியவை. மத்திய அரசைப் பற்றியது ஒன்றுகூட இல்லை. காரணம் வழக்குத் தொடுக்கும் வழியில் இருக்கிறது. உள்ளாட்சிச் சட்டத்தின்படி, ஓர் ஊரில் குடியிருப்பவர் எவரும் தம் ஊர் நிர்வாகம் பொதுப்பணத்தைத் தவறாகச் செலவிட்டது என்று, தமக்குத் தனிப்பட்ட நட்டம் எதுவும் இல்லாவிட்டாலும், வழக்குத் தொடரலாம். மத்திய அரசின் செலவுக்கு எதிராக அப்படி ஒரு வழி இல்லை. பொதுநல வழக்குக்குப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கலாம். பிரதமருக்கு எதிராக வழக்குத் தொடர்பவர் தமக்கு நேர்ந்த காயத்தைக் காட்டியாக வேண்டும். பிரதமர் கொய்சுமி ஜூனிச்சிரோ 2001 முதல் 2006 வரை ஆறு முறை யாசுகுனிக்குச் சென்றபோது, ஃபுகுவோகா மாவட்ட நீதிமன்றமும் ஒசாகா உயர் நீதிமன்றமும் தங்கள் காரண உரைகளில் அது அரசியலமைப்புக்கு முரண் என்று எழுதின; ஆயினும் இழப்பீடு கேட்டவர்கள் தோற்றார்கள். 2006இல் உச்ச நீதிமன்றம், ஒருவர் கோயிலுக்குப் போவதால் இன்னொருவரின் மன உணர்வு புண்பட்டாலும் அது சட்டப்படியான பாதிப்பாகாது என்று சொல்லி, முரணா இல்லையா என்ற கேள்விக்குள் நுழையாமலே கதவைச் சாத்தியது.

யாசுகுனியின் கதையில் சட்டம் சைகைகளின் கணக்காகவே மாறிவிட்டது. 1869இல் தொடங்கிய இக்கோயிலில் 24 லட்சத்து 66 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கமிகளாக இருக்கிறார்கள். இறந்த கொரியரும் தைவானியரும் அதில் அடக்கம். அதை மீண்டும் அரசுப் பொறுப்பில் கொண்டுவர ஆளும் லிபரல் ஜனநாயகக் கட்சி 1969 முதல் பலமுறை மசோதா கொண்டுவந்தது. 1974இல் கீழவையைத் தாண்டியும் மேலவையில் அது காலாவதியானது. மறு ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் மிகி தகேயோ, அரசுக் கார் இல்லை, பதவிப் பெயர் எழுதவில்லை, சொந்தப் பணம், அதிகாரிகள் உடன் வரவில்லை என்று கணக்குச் சொல்லித் தனிமனிதராக வணங்கினார். 1985இல் நகசோனே யசுஹிரோ அதிகாரபூர்வமாகவே சென்றார். ஆனால் இரு முறை குனிந்து, இரு முறை கைதட்டி, மீண்டும் குனியும் ஷிந்தோ முறையை விட்டு, ஒரே ஒரு முறை குனிந்தார். மலருக்கு 30,000 யென் அரசுப் பணம் கொடுத்தார். கைதட்டாவிட்டால் மதச்சார்பு இல்லை என்பது வாதம்.

1978 அக்டோபரில், டோக்கியோ தீர்ப்பாயத்தில் முதல்தரப் போர்க்குற்றவாளிகளாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பதினான்கு பேரைக் கோயில் வெளியே சொல்லாமல் தெய்வங்களாகச் சேர்த்துக்கொண்டிருந்தது. அடுத்த ஆண்டு அது செய்தியானது. சக்கரவர்த்தி ஹிரோஹிதோ 1975க்குப் பிறகு அங்கே போகவே இல்லை. அந்தப் பதினான்கு பேரைச் சேர்த்ததில் அவருக்கு இருந்த வருத்தத்தைப் பதிவு செய்த அரண்மனை அதிகாரியின் குறிப்பு 2006இல் வெளியானது. சீனாவும் தென்கொரியாவும் எதிர்த்தபோது, அந்தப் பதினான்கு பேரை அகற்றினால் என்ன என்று அரசியல்வாதிகளே கேட்டார்கள். ஒருமுறை சேர்ந்த கமியைப் பிரிக்க முடியாது என்பது கோயிலின் பதில். மத நிறுவனம் ஒன்றுக்கு அரசு உத்தரவிட முடியாது என்பது சட்டத்தின் பதில். அரசிடமிருந்து மதத்தைப் பிரித்த அந்தச் சுவர், அரசின் முன்னாள் போர்க் கோயிலுக்கே கோட்டையானது. தம் உறவினர் பெயரை நீக்கக் கோரிய கொரியக் குடும்பங்களும் ஜப்பானிய நீதிமன்றங்களில் வெற்றி பெறவில்லை. அபே ஷின்ஸோ 2013 டிசம்பர் 26 அன்று நேரில் வணங்கி, வாஷிங்டன்கூட ஏமாற்றம் தெரிவித்த பிறகு, அவரும் அடுத்து வந்த பிரதமர்கள் சிலரும் கோயில் விழாக்களுக்கு 'மசகாகி' என்ற மரக்கிளைக் காணிக்கையைச் சொந்தச் செலவில் அனுப்பினார்கள். ஆனால் காணிக்கையில் பதவிப் பெயர் இருந்தது.

அரண்மனைக்குள் இதே கணக்கு வேறு பேரேட்டில் எழுதப்படுகிறது. சக்கரவர்த்தி அரண்மனைச் சன்னிதிகளில் ஆண்டு முழுவதும் ஷிந்தோ சடங்குகள் செய்கிறார். அவருக்கு உதவும் சடங்காளர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். சக்கரவர்த்தி குடும்பத்தின் சொந்தச் செலவுக்கான நிதியிலிருந்து சம்பளம் பெறும் தனி ஊழியர்கள். ஆனால் புதிய சக்கரவர்த்தி முதல் நெல் விளைச்சலைத் தெய்வங்களுக்குப் படைத்துத் தானும் உண்ணும் 'தாய்ஜோசாய்' வந்தபோது, மதத் தன்மை இருப்பதால் அரசு விழா ஆகாது, பொது முக்கியத்துவம் இருப்பதால் பொதுப்பணம் தரலாம் என்று 1989இல் அமைச்சரவை முடிவெடுத்தது. 2019இலும் அதே வழிதான். ஓர் இரவுச் சடங்குக்காகக் கட்டி, பிறகு இடிக்கப்பட்ட மண்டபங்கள் உட்பட 200 கோடி யென்னுக்கு மேல் செலவானது. இதைக் குடும்ப நிதியிலிருந்தே எளிமையாகச் செய்யலாமே என்று வெளிப்படையாகக் கேட்டவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். சக்கரவர்த்தியின் தம்பி அகிஷினோ. அரண்மனை நிர்வாகம் தம் பேச்சைக் கேட்கவில்லை என்றும் அவர் சொன்னார்.

கோயில்களின் அரசியல் கரம் 1969இல் தொடங்கிய 'ஷிந்தோ செய்ஜி ரென்மெய்' என்ற சங்கம். அதனோடு இணைந்த நாடாளுமன்ற உறுப்பினர் குழுவில் ஆளுங்கட்சியின் பெருந்தலைகள் பலர் உண்டு. சக்கரவர்த்தியின் ஆட்சிக்கால ஆண்டுப் பெயருக்குச் சட்டம், தந்தைவழி வாரிசு முறை, கணவன் மனைவிக்கு ஒரே குடும்பப் பெயர் ஆகியவை அதன் அக்கறைகள். 2000 மே மாதம் அந்தக் குழுவின் கூட்டத்தில்தான் பிரதமர் மோரி யோஷிரோ ஜப்பானைச் சக்கரவர்த்தியை மையமாகக் கொண்ட தெய்வ நாடு என்று சொல்லிச் சிக்கிக்கொண்டார். மறுமாதத் தேர்தலில் கட்சி இடங்களை இழந்தது. வார இறுதியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வரும் குடும்பங்களுக்கு இந்தச் சங்கத்தின் பெயர்கூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர் வழிபாடும் அரசியல் ஷிந்தோவும் எப்போதும் ஒரே திசையில் போனவை அல்ல. 1906இல் தொடங்கி அரசு சிறு கோயில்களைப் பெரியவற்றோடு இணைத்துப் பல்லாயிரக்கணக்கில் ஒழித்தபோது, அறிஞர் மினகதா குமகுஸு கோயில் காடுகளுக்காகப் போராடிச் சிறைக்கும் போய்வந்தார்.

லிபரல் ஜனநாயகக் கட்சி 2012இல் வெளியிட்ட அரசியலமைப்புத் திருத்த வரைவில், அரசின் மதச் செயலைத் தடுக்கும் உட்பிரிவுக்குக் கீழே ஒரு விலக்கு சேர்க்கப்பட்டிருந்தது: சமூக மரியாதை அல்லது வழக்கத்தின் எல்லையைத் தாண்டாதவற்றுக்கு இந்தத் தடை பொருந்தாது. ட்சு தீர்ப்பின் சொற்கள் அப்படியே அரசியலமைப்பின் வாசகமாகும் முயற்சி அது. வரைவு சட்டமாகவில்லை. ஆனால் அந்த எல்லை ஏற்கெனவே எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க ஆண்டுதோறும் ஜனவரியில் ட்சுவுக்குத் தெற்கே சற்றுத் தொலைவு போனால் போதும். அமதெராசு உறையும் இசே பெருங்கோயிலுக்குப் புத்தாண்டில் பிரதமர் தம் அமைச்சர்களோடு போவது 1960களின் பிற்பகுதியிலிருந்து வழக்கம். எதிர்க்கட்சியாக இருந்து ஆட்சிக்கு வந்த ஜனநாயகக் கட்சியின் ஹதோயமா, கான், நோடா மூவரும் அதை விடவில்லை. யாசுகுனிக்குப் பொருந்தும் அதே 20ஆம் பிரிவு இசேக்கும் பொருந்தும். அங்கே போர்க்குற்றவாளிகள் இல்லை. பெய்ஜிங்கும் சியோலும் கண்டன அறிக்கை விடுவதில்லை. வணங்கி முடித்து, இசேயிலேயே ஆண்டின் முதல் செய்தியாளர் சந்திப்பை நடத்துகிறார் பிரதமர். நிருபர்கள் பட்ஜெட்டைப் பற்றிக் கேட்கிறார்கள்.